சிறுநீரகக் கல்லுக்கு மோரைக் குற்றம் சொல்லாதீர்கள்

நம் உழவர் கூட்டங்களில் டீ குடிக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "கிட்னியில கல்லுன்னுட்டாங்க. பால், தயிர், மோர் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். சரிதானே?"

சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

சிறுநீரகக் கற்களில் ஏறக்குறைய 80 சதவீதம் கால்சியம் கற்கள். அவற்றில் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து உருவானவை. உப்பளப் பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்பு படிகிற மாதிரி, சிறுநீர் கெட்டியாகும்போது இவை படிகின்றன.

ஆக்சலேட் பாலக்கீரை, பீட்ரூட், முந்திரி, பாதாம் போன்றவற்றில் அதிகம். இயற்கை முறையில் விளைந்தது என்பதால் அது குறைந்துவிடாது. ஆனால் அதே சாப்பாட்டில் தயிரோ மோரோ இருந்தால், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். மோரை நிறுத்தினால் பிடிக்க ஆளில்லாத ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி, சிறுநீருக்கு வந்து சேரும்.

இத்தாலியில் இதைச் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீரில் கால்சியம் அதிகம் போய், கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். 60 பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மற்ற 60 பேருக்குக் கால்சியம் வழக்கமான அளவில். உப்பும் இறைச்சிப் புரதமும் மட்டும் குறைவு. ஐந்து ஆண்டுகளில் முதல் பிரிவில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. இரண்டாம் பிரிவில் 12 பேருக்குத்தான்.

ஆக, குறைக்க வேண்டியது உப்பை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். மோரிலும் உப்பை அள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது உடல் எடை. 2005-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், 68 கிலோவுக்குக் குறைவான ஆண்களைவிட 100 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு 44 சதவீதம் அதிகமாக இருந்தது. 21 வயதுக்குப் பிறகு சுமார் 16 கிலோவுக்கு மேல் கூடிய ஆண்களுக்கு, எடை கூடாதவர்களைவிட 39 சதவீதம் அதிகம். உடல் பருத்து, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது சிறுநீரின் அமிலத்தன்மை கூடுகிறது. அமிலச் சிறுநீரில் யூரிக் அமிலக் கல் எளிதாகப் படியும். வருஷக்கணக்கில் மேசை முன் உட்கார்ந்துவிட்டு மண்ணுக்கு வந்த என் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் எடையை மெதுவாகக் குறையுங்கள். சோற்றை அடியோடு நிறுத்தி, இறைச்சியும் முட்டையுமாகச் சாப்பிட்டு இளைப்பதும் கல்லுக்கு வழிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலானது தண்ணீர். "நான் மூணு லிட்டர் குடிக்கிறேனே" என்பார்கள். சித்திரை வெயிலில் களை எடுப்பவருக்கு அதில் பெரும்பங்கு வியர்வையாகப் போய்விடும். கல் வந்தவருக்கு ஒரு நாளில் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பிடித்து அளந்து பாருங்கள். வரவை மட்டும் எழுதினால் இருப்பு தெரியாது. செலவையும் எழுத வேண்டும். தினமும் அளக்க முடியாது என்றால் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. வரப்பில் எலுமிச்சை நிற்கிறவர்கள் சாற்றைத் தண்ணீரில் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போடாமல் குடிக்கலாம். அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கல் கட்டாமல் தடுக்கும்.

இருதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. கல் வெளியே வந்தால் தூக்கி எறியாமல் சோதனைக்குக் கொடுங்கள். என்ன வகைக் கல் என்று தெரிந்தால்தான் உணவைச் சரியாக மாற்ற முடியும். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.