கால்நடை மருத்துவக் கல்விக்கு ஆயத்தம்

கால்நடை மருத்துவராக விரும்பும் மாணவர் ஆசிரியரிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. முதலில் விலங்கியலில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, அதன்பின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்வது நலமா என்பதே அது. திருவனந்தபுரம் போன்ற நகரில் இவ்வினா எழுவதற்குக் காரணம் உண்டு. பழம்பெருமை வாய்ந்த கலை, விஞ்ஞானக் கல்லூரிகள் நகருக்குள்ளேயே உள்ளன. கால்நடை மருத்துவக் கல்லூரியோ இம்மாவட்டத்தில் இல்லை. கேரளத்தில் அத்தகைய கல்லூரிகள் இரண்டே. ஒன்று திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955இல் தொடங்கப்பட்டது. மற்றொன்று வயநாட்டுப் பூக்கோட்டில் 1999இல் தொடங்கப்பட்டது. நகரை ஒட்டிய வெள்ளாயணியில் இருப்பது வேளாண்மைக் கல்லூரி. அங்கே கால்நடை மருத்துவமும் கற்பிக்கப்படுகிறது என்று எண்ணிப் பெற்றோர் ஏமாறுதல் கூடாது.

வினாவுக்கு விடை சுருக்கமானது. இந்தியாவில் கால்நடை மருத்துவம் தானே ஓர் இளநிலைப் பட்டப்படிப்பாகும். பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரசாயனம், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்றுத் தேறியவர் நேரே அதில் சேரலாம். முன்பட்டம் எதுவும் வேண்டுவதில்லை. முன்பட்டம் பெற்றுச் சென்றாலும் இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

அப்படியாயின் பட்டம் பெற்றபின் சேர்வது என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாணவர் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டு கல்லூரியில் உயிரியல், கரிம ரசாயனம், உயிர்ரசாயனம், பௌதிகம், புள்ளியியல் முதலியவற்றைக் கற்று, அதன்பின் நான்காண்டுக் கால்நடை மருத்துவப் படிப்பில் சேர்கின்றனர். அந்நாட்டு நூல்களில் காணும் ஆயத்தப் படிப்பு இதுவே. பிரிட்டனிலோ, நம் நாட்டில் உள்ளதுபோல், பள்ளிப் படிப்பை முடித்தவர் நேரே சேர இயலும்.

மற்றொரு காரணம் நம் நாட்டிலேயே உள்ளது. சென்னை வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. 1936இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. அக்காலத்தில் விஞ்ஞானப் பாடங்களுக்கான இன்டர்மீடியட் வகுப்பு கல்லூரிகளிலேயே நடந்தது. பின்னர்க் கேரளத்தில் அதன் இடத்தைப் பெற்ற பிரீடிகிரி வகுப்பும், 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பள்ளிகளுக்கு முற்றிலும் மாறும் வரை, கல்லூரிகளில்தான் இருந்தது. ஆகவே, கல்லூரியில் படித்துவிட்டுக் கால்நடை மருத்துவத்துக்குப் போனேன் என்று முதியவர் ஒருவர் சொன்னால் அது உண்மையே. ஆனால் அவர் குறிப்பிடும் கல்லூரிப் படிப்பு இன்றைய பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளே. கல்லூரி விரிவுரையாளரும் அவருடைய ஆய்வுக்கூடமும் செய்துவந்த பணி இன்று மேல்நிலைப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பாகிவிட்டது.

காலக் கணக்கைப் பார்ப்போம். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றத்தின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இப்படிப்பு நான்கரை ஆண்டும், அதன்பின் ஓராண்டுக் களப்பயிற்சியும் கொண்டது. பதினேழரை வயதில் சேர்பவர் இருபத்துமூன்று வயதில் மருத்துவராகலாம். இடையில் மூன்றாண்டுப் பட்டம் ஒன்றைப் பெற்றுச் செல்பவர் இருபத்தாறை எட்டிவிடுவார். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்காண்டுத் திட்டத்தை முழுமையாக முடித்துச் சென்றால் மேலும் ஓராண்டு கூடும். வசதியற்ற குடும்பத்துக்கு இவ்வாண்டுகள் சிறியவை அல்ல. தெரியாமையால் அவற்றை இழப்பது மிகவும் வருந்தத்தக்கது.

இனிச் சேர்க்கை முறை. இங்கே மாணவர் இடறும் இடங்கள் சில உள்ளன. கேரளத்தில் இப்படிப்புக்கான தரவரிசை, மருத்துவப் படிப்புக்கு உள்ளது போலவே, நீட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு வகுக்கப்படுகிறது. மொத்தம் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. ஆனால் நீட் எழுதினால் மட்டும் போதாது. திருவனந்தபுரத்தில் இயங்கும் நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகத்துக்குக் கீம் என்னும் விண்ணப்பத்தையும் உரிய காலத்தில் அனுப்பியிருக்க வேண்டும்; நீட் முடிவு வெளிவந்தபின் அம்மதிப்பெண்ணையும் அவ்வலுவலகத்தின் தளத்தில் சேர்ப்பிக்க வேண்டும். நல்ல மதிப்பெண் பெற்றும் கீம் விண்ணப்பம் செய்யாதவரின் பெயர் மாநிலத் தரவரிசையில் இடம்பெறாது. கீம் விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே கோரப்படுவதால், அதனை நினைவூட்டுவது வகுப்பாசிரியரின் வேலை எனக் கொள்வதே தக்கது. இவை தவிர, ஒவ்வொரு கல்லூரியிலும் நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன. அவற்றுக்குக் கால்நடை மருத்துவ மன்றத்திடம் தனியே பதிவு செய்தல் வேண்டும்.

பாறசாலையைக் கடந்து களியக்காவிளைக்குச் சென்றால் முறையே மாறிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் மாநில இடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்புகிறது. அங்கே நீட் மதிப்பெண் பார்க்கப்படுவதில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவருக்கு நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கீடும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் வேரூன்றி, பிழைப்பின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்கள் இருப்பிடச் சான்று விதிகளை இரு மாநிலத்துக் கையேடுகளிலும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நன்று. அவர்களுக்குத் திருநெல்வேலிக் கல்லூரி மண்ணுத்தியைவிட அண்மையிலுள்ளது.

விண்ணப்பங்கள் வாயிலைத் திறக்கும். உள்ளே சென்றபின் நிலைத்து நிற்கச் செய்வது வேறு. முதலாண்டிலேயே உடற்கூறு, உடலியங்கியல், உயிர்ரசாயனம், கால்நடைப் பராமரிப்பு ஆகியவை மாணவரை எதிர்கொள்கின்றன. வினாத்தாள்களை மனனம் செய்து வந்த மாணவர் இங்கே திணறுகின்றனர். பசுவைத் தொட்டே அறியாத நகரத்துப் பிள்ளை பின்னும் திணறுகிறது. இவ்விரு குறைகளையும் பள்ளியிலேயே களைய இயலும். அதற்கு ஒரு பசுவும், ஒரு கடிகாரமும், ஆசிரியரின் ஊக்கமும் போதும்.

அசையூண் வயிற்றை எடுத்துக்கொள்வோம். பசுவின் வயிறு நான்கு அறைகளாலானது என்பதை எல்லா மாணவரும் ஒப்பிப்பர். ஆயினும் அதன் முதல் அறையாகிய அசைபை உடலின் இடப்புறத்தில் உள்ளது என்பதைக் கையால் உணர்ந்தவர் சிலரே. சாதுவான பசு ஒன்றின் இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள குழியில் மூடிய கையை அழுத்தி வைத்தால், அசைபை சுருங்கி விரிவது அலைபோலத் தெரியும். நலமுள்ள பசுவில் இரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய மூன்று முறை இவ்வலை எழும். அவ்வெண்ணிக்கை குறைந்தாலோ நின்றாலோ மருத்துவர் காரணத்தைத் தேடுகிறார். வயிற்றோரம் ஏறி இறங்குவதைக் கொண்டு மூச்சை எண்ணலாம். உடல் வெப்பம் ஏறக்குறைய 101.5 பாரன்ஹீட் பாகையாக இருக்கும். வாலின் அடிப்புறத்தில் நாடி பார்க்கலாம். இவற்றை ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்துவரும் மாணவர், உச்சிவேளை வெயிலில் நின்ற பசுவின் வெப்பம் ஏன் உயர்ந்தது என்று தாமாகவே கேட்கத் தொடங்குவார்.

இதே அசைபை ரசாயனப் பாடத்துக்கும் இடம் தருகிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்கச் செய்து அசெட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. பசுவுக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதி இவற்றிலிருந்தே கிடைக்கிறது. மாவுப்பொருள் மிகுந்த தீனியைத் திடீரென அளவுமீறி உண்டால் லாக்டிக் அமிலம் பெருகி, அசைபையின் அமிலநிலை தாங்கும் எல்லையைக் கடந்துவிடும். கல்யாண வீட்டு மிச்சச் சோறும் பலாப்பழமும் இங்கே பசுக்களுக்கு எமனாவது இவ்வாறே. 2024 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுமீறித் தின்ற பசுக்கள் ஐந்து மாண்டன. அமிலம், காரம் என்னும் பாடத்தை நடத்துகையில் இந்நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்கினால் வகுப்பு உறங்காது. அவ்வகுப்பில் உள்ள மாணவர் ஒருவரேனும் வீட்டுக்குச் சென்று தம் பாட்டியிடம் கஞ்சிச் சருவத்தைப் பசுவின் முன் வைக்க வேண்டாம் என்பார். அது பாடத்தின் உபரிப் பயன்.

பௌதிகத்துக்குப் பால் கூட்டுறவுச் சங்கமே ஆய்வுக்கூடம். பசும்பாலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.028 முதல் 1.032 வரை உள்ளது. பால்மானி மிதக்கும் அளவு ஆர்க்கிமிடீசின் விதிக்கு எடுத்துக்காட்டு. தண்ணீர் கலந்தால் மானி தாழ்வதையும், பாலின் வெப்பம் ஏறினாலும் தாழ்வதையும் மாணவர் கண்டறிய வேண்டும். இல்லையேல் நேர்மையான பாற்காரரை வீணே ஐயுற நேரும். கொழுப்பளவைக் காணும் ஜெர்பர் சோதனையில் மையவிலக்கு விசை செயற்படுகிறது. அதில் அடர் கந்தக அமிலம் பயன்படுவதால் மாணவர் தள்ளி நின்று பார்த்தலே போதும்.

களம் காண மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே வாய்ப்புண்டு. குடப்பனக்குன்றில் அரசுக் கால்நடைப் பண்ணையும் பயிற்சி நிலையமும் உள்ளன. பாலோட்டில் விலங்கு நோய் ஆய்வுக்கும் தடுப்பூசி மருந்து உற்பத்திக்குமான அரசு நிலையங்கள் உள்ளன. நகரின் மிருகக்காட்சிசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. முன் அனுமதி பெற்று, மாணவரைச் சிறு குழுக்களாக அழைத்துச் செல்லலாம். ஊர்க் கால்நடை மருத்துவமனையில் விடுமுறை நாட்களில் சில காலைப்பொழுதுகள் நின்று பார்த்தால் இத்தொழிலின் மெய்யான முகம் தெரியும்: மழையில் நனைந்த தொழுவம், நள்ளிரவில் வரும் கன்று ஈனும் அழைப்பு, கடன்பட்டு வாங்கிய பசுவின் உரிமையாளர். நாய்க்குட்டி மீதுள்ள அன்பு ஒன்றே போதும் என்று நினைத்தவர் சிலர் இங்கே மனம் மாறுவர். ஐந்தரை ஆண்டுப் படிப்பின் நடுவில் மாறுவதைவிட இப்பொழுதே மாறுவது நலம்.

ஊழியர்கள் இத்தகைய மாணவரை ஊசி போடவோ நோயுற்ற விலங்கைப் பிடிக்கவோ விடலாகாது. வெறிநாய்க் கடியால் கேரளத்தில் இன்றும் உயிர்கள் இழக்கப்படுகின்றன. மாட்டுச் சிறுநீரால் அசுத்தமான நீரில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றலாம். விலங்குகளுடன் அடிக்கடி பழகப்போகும் மாணவர் மருத்துவரைக் கலந்து வெறிநோய் முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளுதல் வேண்டும். கடியோ கீறலோ நேர்ந்தால் புண்ணைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஊசி முன்பே போட்டவருக்கும் இது பொருந்தும்.

படிப்பு எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு மண்ணுத்தியிலேயே ஒரு சான்றுண்டு. கலப்பினப் பெருக்கம் பரவியபின் வைக்கத்தை அடுத்த வெச்சூரின் குட்டைப் பசுவினம் அருகிப்போயிற்று. ஏறத்தாழ தொண்ணூறு சென்டிமீட்டர் உயரமே உள்ள இனம் அது. விலங்கினப் பெருக்கவியல் பேராசிரியர் சோசம்மா ஐப் 1989இல் தம் மாணவர்களுடன் ஊர் ஊராகத் தேடி, எஞ்சியிருந்த பசுக்களைச் சேர்த்து அவ்வினத்தைக் காத்தார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தேடிச் சென்றவர்களுள் பட்டம் முடிக்காத மாணவரும் இருந்தனர் என்பது வகுப்பில் சொல்லத்தக்கது.

இடம் கிடைக்காதவர்க்குச் சொல்ல வேண்டுவது என்ன? மறுமுறை நீட் எழுத ஓராண்டு ஒதுக்குவது சிலருக்குப் பொருந்தும். ஆனால் பள்ளிப் பாடத்தில் எங்கே குறைபட்டது என்று கண்டறியாமல் திரும்ப எழுதுவதில் பயன் இல்லை. பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்வோர் அதனை அதன் பொருட்டே விரும்பிச் சேரட்டும். ஆராய்ச்சி, கல்விப்பணி, வனவிலங்கு ஆய்வு, நுண்ணுயிரியல் ஆகிய வழிகள் அதற்கு உண்டு. பாற்பண்ணைத் தொழில்நுட்பப் படிப்பு மண்ணுத்தியிலேயே உள்ளது. ஆனால் இவற்றுள் எதுவும் விலங்குகளுக்கு மருத்துவம் செய்யும் உரிமையை அளிக்காது. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட கால்நடை மருத்துவத் தகுதி பெற்று, பதிவேட்டில் பெயர் பதிந்தவருக்கே அவ்வுரிமை உண்டு; சிறு சிகிச்சைகள் சிலவற்றை மட்டும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் பிறர் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். இந்நிலையைப் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் அல்ல, பதினொன்றாம் வகுப்பில் பாடத்தொகுதியைத் தேரும்போதே ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும். உயிரியலை விட்டுக் கணிதத் தொகுதிக்குச் சென்ற பிள்ளை திரும்பி வருவது எளிதன்று.