தொலைந்துபோன ஊர்ப்பெயர்

கோடை விடுமுறையில் தமிழகத்துக்குச் செல்லும் கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஹவுரா நிலையம் நன்கு பழகிய இடம். ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பிள்ளையுமாக, சென்னை மெயில் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று தேடும் பெற்றோரை அங்கே எந்நாளும் காணலாம். 'கையை விடாதே' என்பதே அந்நிலையத்தில் பிள்ளைகள் மிகுதியாகக் கேட்கும் சொல். 1986ஆம் ஆண்டில் அதே நிலையத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தனியே வந்து இறங்கினான். அவனுடன் ஒருவரும் இல்லை. தான் வந்திருக்கும் நகரத்தின் பெயரும் அவனுக்குத் தெரியாது.

அவன் வீடு மத்தியப் பிரதேசத்துக் காண்ட்வா நகரில், கணேஷ் தலாய் என்னும் பகுதியில் இருந்தது. தாய் கட்டட வேலையில் கல் சுமந்து பிள்ளைகளை வளர்த்தார். 14 வயது நிரம்பிய மூத்த மகன் குட்டு, இரயில் நிலையங்களில் சிறு வேலைகள் செய்து வீட்டுக்கு உதவினான். ஒருநாள் மாலை அவன் தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புர்ஹான்பூருக்கு இரயிலேறினான். ஊர் சேர்வதற்குள் தம்பிக்குக் கண் செருகியது. நிலையத்து இருக்கை ஒன்றில் அவனைப் படுக்க வைத்து, அங்கேயே இருக்கும்படி சொல்லிவிட்டு அண்ணன் சென்றான்.

சிறுவன் விழித்தபோது அண்ணனைக் காணவில்லை. எதிரே ஓர் இரயில் நின்றிருந்தது. அண்ணன் அதில் இருப்பான் என்றெண்ணி ஏறினான். ஆளற்ற பெட்டியில் மீண்டும் உறங்கிப்போனான். மறுபடி கண் திறந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது; பெட்டியின் கதவுகள் அவனால் திறக்க இயலாதவாறு மூடியிருந்தன. அந்த ஓட்டம் ஹவுராவில் முடிந்தது.

சில வாரங்கள் அவன் நிலையத்தைச் சுற்றியே வாழ்ந்தான். கிடைத்த மிச்சங்களைத் தின்றான். நிலையத்து இருக்கைகளின் அடியில் உறங்கினான். எதிர்ப்பட்டவர்களிடம் தன் ஊருக்கு வழி கேட்டான். அவன் பேசியது இந்தி. சுற்றிலும் ஒலித்தது பெரும்பாலும் வங்காளம். பலருக்கு அவன் சொன்னது விளங்கவில்லை. நின்று கேட்கப் பலருக்குப் பொறுமையும் இல்லை. இறுதியில் இளைஞன் ஒருவன் அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றான். அங்கிருந்து அவன் ஆதரவற்ற குழந்தைகளுக்கான அரசு இல்லத்தை அடைந்தான். பின்னர்ச் சரோஜ் சூட் என்னும் அம்மையார் நடத்திய தத்து நிறுவனம் அவனைத் தன் பொறுப்பில் ஏற்றது.

காவலரும் இல்லத்தாரும் கேட்டது ஒரே கேள்வி: 'உன் ஊர் எது?' அவனும் விடை சொன்னான். அந்த விடையில்தான் சிக்கல் இருந்தது. புர்ஹான்பூர் என்பது அவன் நாவில் 'பேரம்பூர்' போல ஒலித்தது. கணேஷ் தலாய் என்பது 'கினஸ்ட்லே' ஆயிற்று. காண்ட்வா என்னும் பெயர் நினைவிலேயே இல்லை. தன் பெயரைக்கூட அவன் சரியாகச் சொல்லவில்லை. வீட்டில் அவனை 'ஷேரு' என்று அழைத்தனர். இந்தியில் அதற்குச் சிங்கம் என்பது பொருள். அவன் சொன்னதோ 'சரூ' என்று பிறர் செவியில் விழுந்தது. அப்பெயரே பதிவேட்டில் ஏறிற்று.

'பேரம்பூர்' என்று கேட்பவர் எந்த ஊரை எண்ணுவார்? மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத் மாவட்டத்தின் தலைநகர் பஹரம்பூர். ஒடிசாவில் பிரம்மபூர் உள்ளது. சென்னை செல்லும் வண்டிகள் அவ்வழியே போகின்றன. பெர்ஹாம்பூர் என்பது அதன் பழைய பெயர். தமிழர் ஒருவர் கேட்டிருப்பின், இரயில் பெட்டித் தொழிற்சாலை அமைந்த சென்னைப் பெரம்பூரையே நினைத்திருப்பார். தமிழ் எழுத்தில் ப என்னும் ஒரே எழுத்து இரண்டு ஒலிகளையும் குறிப்பதால், இக்குழப்பம் தமிழருக்கு இன்னும் மிகுதியாகவே நேர்ந்திருக்கும். ஐந்து வயதுக் குழந்தை ஊர்ப்பெயரைச் செவிவழியே கற்கிறது, எழுத்தில் கண்டதில்லை. எனவே பிழை குழந்தையுடையது என்று சொல்லிவிட முடியாது. மாநிலம், மாவட்டம் என்னும் சொற்கள் அவன் அறியாதவை.

நிறுவனத்தார் குடும்பத்தைத் தேடிப் பார்த்தனர், பயனில்லை. 1987இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவைச் சேர்ந்த பிரையர்லி தம்பதியர் அவனைத் தத்தெடுத்தனர். சரூ பிரையர்லி ஹோபார்ட் நகரில் அன்போடு வளர்ந்தான். ஆங்கிலம் வந்தது, இந்தி முழுவதும் மறந்தது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் மொழி எவ்வளவு விரைவாக நழுவும் என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆயினும் காட்சிகள் அவன் மனத்தில் அழியாமல் நின்றன: நிலையத்தருகே உயர்ந்து நிற்கும் நீர்த்தொட்டி, தண்டவாளங்களுக்கு மேலே ஒரு நடைபாலம், தான் விளையாடிய ஆறும் அணையும். வளர்ப்புத் தாய் சுவரில் மாட்டிய இந்திய வரைபடத்தை அவன் பார்த்துக்கொண்டே வளர்ந்தான்.

2005இல் கூகுள் எர்த் வெளிவந்தது. செயற்கைக்கோள் எடுத்த படங்களைக்கொண்டு உலகின் எப்பகுதியையும் மேலிருந்து காண அது வழிசெய்தது. இளைஞராகிவிட்ட சரூ அதைத் தன் தேடலுக்குப் பயன்படுத்தினார். பெயர் உதவாதபோது அவர் வேறொரு முனையிலிருந்து தொடங்கினார். தாம் வந்து சேர்ந்த இடம் ஹவுரா; அது உறுதி. தம் பயணம் எத்தனை மணி நேரம் நீடித்திருக்கும், அக்கால வண்டிகள் எவ்வேகத்தில் ஓடியிருக்கும் என்று கணக்கிட்டு, ஊர் இருக்கக்கூடிய தொலைவை மதிப்பிட்டார். பின்னர் ஹவுராவிலிருந்து பிரிந்து செல்லும் தண்டவாளங்களை ஒவ்வொன்றாகத் திரையில் பின்தொடர்ந்தார். நிலையம் ஒன்று வரும், நீர்த்தொட்டி இராது. நீர்த்தொட்டி இருக்கும், பாலம் இராது. அதை விட்டு அடுத்த நிலையத்துக்குச் செல்வார். இவ்வாறு கழிந்த இரவுகள் பல.

2011ஆம் ஆண்டு ஓர் இரவில் திரையில் தோன்றிய சிறு நிலையத்தில் எல்லாம் பொருந்தின. பெயரைப் பார்த்தார்: புர்ஹான்பூர். அங்கிருந்து தண்டவாளத்தின் வழியே மேலே சென்றபோது, அணையும் ஆறும் தெருக்களும் தாம் நினைவில் வைத்திருந்தபடியே விரிந்தன. அந்நகரின் பெயர் காண்ட்வா என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார்.

இவ்விடத்தில் அவர் செய்த செயல் கருதத்தக்கது. கண்டுபிடித்துவிட்டதாக உடனே பறைசாற்றவில்லை. காண்ட்வா மக்கள் நடத்திய முகநூல் குழு ஒன்றில் சேர்ந்து, ஊரைப் பற்றிய சில கேள்விகளைக் கேட்டார். நகரின் ஒரு பகுதியைக் குறிப்பிட்டு, தம் நினைவிலுள்ள சிதைந்த பெயரையும் எழுதி, அப்பகுதிக்கு என்ன பெயர் என்று வினவினார். கணேஷ் தலாய் என்று விடை வந்தது. 'கினஸ்ட்லே' தன் உண்மை வடிவத்தைப் பெற இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

2012 பிப்ரவரியில் சரூ காண்ட்வா சென்றார். பழைய வீடு பூட்டியிருந்தது. கையிலிருந்த சிறுவயதுப் புகைப்படத்தைக் காட்டித் தம் குடும்பத்தாரின் பெயர்களைச் சொன்னார். அவர்களின் பெயர்கள் மட்டும் அவருக்குப் பிழையின்றி நினைவிருந்தன. அக்கம்பக்கத்தார் அவரைத் தாயிடம் அழைத்துச் சென்றனர். மகன் ஒருநாள் தேடி வந்தால் தாம் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத் தாய் அப்பகுதியைவிட்டு நீங்காமல் இருந்தார். தாயும் மகனும் பேசிக்கொள்ள ஒரு மொழி இல்லை. இடையே ஒருவர் நின்று மொழிபெயர்த்தார்.

அன்றைய மகிழ்ச்சியினூடே சரூ மற்றொரு செய்தியையும் கேட்டார். 14 வயது அண்ணன் குட்டுவும் அந்த இரவில் வீடு திரும்பவில்லை. புர்ஹான்பூர் அருகே தண்டவாளத்தில் அவன் உயிரற்ற உடல் கண்டெடுக்கப்பட்டிருந்தது. தாய் ஒரே இரவில் இரு மைந்தரை இழந்திருந்தார். அண்ணன் தன்னை மறந்து போய்விட்டானோ என்று தம்பி ஆண்டுக்கணக்கில் எண்ணியதற்கு அன்றுதான் விடை கிடைத்தது. தம் வரலாற்றை 2013இல் சரூ நூலாக எழுதினார்; 2016இல் அது 'லயன்' என்னும் திரைப்படமாயிற்று. அப்பெயர் 'ஷேரு'வின் பொருளே.

இணையத்தில் தேடுவோர் யாவரும் இத்தகைய பொறுமை காட்டுவதில்லை. சரூவின் நூல் வெளிவந்த அதே 2013இல் அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இதற்குச் சான்று. பிரவுன் பல்கலைக்கழகத்தில் பயின்ற இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர் மார்ச் மாதத்தில் காணாமற்போனார். அவரைத் தேடக் குடும்பத்தார் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினர். ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் நகரின் மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்தன. ஐயத்துக்குரிய இருவரின் படங்களைப் புலனாய்வுத் துறை வெளியிட்டதும், ரெடிட் முதலிய தளங்களில் துப்பறியத் தொடங்கியவர்கள் அவற்றுள் ஒன்று அம்மாணவரின் முகத்தை ஒத்திருப்பதாகக் கூறினர். சில மணி நேரத்தில் அது பல்லாயிரவரிடம் பரவியது. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின் மீது வசைமொழிகள் குவிந்தன. அவர்கள் அப்பக்கத்தையே மூட நேர்ந்தது. உண்மைக் குற்றவாளிகள் வேறு இருவர். ஏப்ரல் 23 அன்று மாணவரின் உடல் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. ரெடிட் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. 'ஒத்திருக்கிறது' என்று எழுதியவர்களில் பலர் புனைபெயரில் எழுதியவர்கள். அது சரிபார்க்கப்படாமலேயே பரவியது.

கொல்கத்தாவிலும் பொழுதுபோக்காகத் தொடங்கித் தேடுவோராக மாறியவர்கள் உள்ளனர். அவர்கள் 'ஹாம்' எனப்படும் தன்னார்வ வானொலியாளர்கள். மேற்கு வங்க வானொலிக் கழகம் என்னும் அமைப்பில் இவர்கள் இணைந்துள்ளனர். அம்பரீஷ் நாக் பிஸ்வாஸ் அதன் செயலாளர். அரசு நடத்தும் தேர்வில் வென்று உரிமம் பெற்றவர் மட்டுமே இந்த வானொலியை இயக்கலாம். ஒவ்வொருவருக்கும் அழைப்புக் குறியீடு ஒன்று உண்டு. பேசும்போது அதைச் சொல்லியாக வேண்டும். எனவே இங்கே முகமூடி அணிந்து பேச வழியில்லை.

தமிழர் பொங்கல் கொண்டாடும் நாளில், கங்கை கடலோடு கலக்கும் சாகர் தீவில் மகர சங்கராந்தி விழா நடைபெறும். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் நீராட வருவர். அந்நெரிசலில் உறவினரைப் பிரிந்துவிடுவோர் உண்டு. அவர்களுள் பலர் முதியோர். தம் கிராமத்துப் பேச்சு வழக்கைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். வானொலிக் கழகத்தார் அவர்களைப் பேசவிட்டுக் கேட்கின்றனர். எந்த மொழி, அம்மொழியில் எந்த வட்டாரத்துப் பேச்சு என்று முதலில் கண்டறிய முயல்கின்றனர். பின்னர் அவ்வட்டாரத்திலுள்ள வானொலியாளருக்கோ காவல் நிலையத்துக்கோ செய்தி அனுப்புகின்றனர். அங்குள்ளவர் அக்கிராமத்துக்கு நேரில் சென்று வினவுவர். குடும்பம் இனங்கண்டு ஒப்புக்கொண்ட பின்னரே மற்ற ஏற்பாடுகள் நடைபெறும். ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தோரும் இவ்வாறு வீடு சேர்ந்துள்ளனர். ஒருவருடைய பேச்சில் ஒரு சொல் எப்படி ஒலிக்கிறது என்பதே இவர்களுக்குத் தடயம். 1986இல் ஹவுராவில் எவரும் இதைச் செய்யவில்லை என்பது வருந்தத்தக்கது.

சட்டமும் இப்போது மாறியுள்ளது. குழந்தை காணாமற்போனதாக வரும் ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 மே 10 அன்று ஆணையிட்டது. 'தானே திரும்பி வருவான், பொறுத்திருங்கள்' என்று பெற்றோரைத் திருப்பியனுப்ப இயலாது. இரயில் நிலையங்களில் தனியே திரியும் குழந்தைகளை மீட்க, இரயில்வே பாதுகாப்புப் படை 'நன்ஹே ஃபரிஷ்தே' என்னும் பணியை நடத்துகிறது. 'சின்னஞ்சிறு தேவதைகள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். தனித்து நிற்கும் குழந்தையைக் காண்பவர் எவரும், அக்குழந்தையும்கூட, 1098 என்னும் எண்ணை அழைக்கலாம். இரவும் பகலும் கட்டணமின்றி இயங்கும் இச்சேவை 1996இல் மும்பையில் தொடங்கியது. சரூ ஹவுராவில் வழி கேட்டு அலைந்தபோது அது பிறந்திருக்கவில்லை.

அருஞ்சொற்பொருள்

தத்தெடுத்தல் – பிறர் குழந்தையைச் சட்டப்படி தம் குழந்தையாக ஏற்றல்
பறைசாற்றுதல் – பலரறிய அறிவித்தல்
தடயம் – கண்டறிய உதவும் அடையாளம்
வம்சாவளி – பரம்பரை
வட்டாரம் – சுற்றுப்பகுதி

பயிற்சி

1. சரூ சொன்ன ஊர்ப்பெயரைக் கொல்கத்தாவில் இருந்தவர்கள் ஏன் இனங்காண முடியவில்லை? பாடத்திலிருந்து இரு காரணங்களை எழுதுக.

2. சரூ முகநூல் குழுவில் கேள்வி கேட்டதற்கும், பாஸ்டன் நிகழ்ச்சியில் ரெடிட் தளத்தினர் நடந்துகொண்டதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.

3. உங்கள் பூர்விக ஊரின் பெயரைத் தமிழில் எழுதுக. அதன் மாவட்டம், அருகிலுள்ள இரயில் நிலையம், நிலையத்தில் இறங்கியவுடன் கண்ணில் படுபவை ஆகியவற்றைக் குறிப்பிடுக. விவரம் தெரியாவிடில் வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.

4. அதே ஊர்ப்பெயரை வங்காளி நண்பர் ஒருவரிடம் சொல்லி, அவர் அதை எவ்வாறு உச்சரிக்கிறார் என்று கேட்டு எழுதுக. எந்த எழுத்தின் ஒலி மாறுகிறது?