கடப்பாரை வரும் முன் பட்டியல் வரட்டும்

பழைய கட்டடத்தின் கூரைமேல் ஆள் ஏறிய பிறகுதான் பெரும்பாலான ஊர்நலச் சங்கங்களுக்குத் தகவல் வருகிறது. உடனே அவசரக் கூட்டம், தீர்மானம், கலெக்டரிடம் மனு, நாளிதழில் படம். அதற்குள் இடிக்க உத்தரவு, டெண்டர், புதுக் கட்டடத்துக்கு வரைபட அனுமதி எல்லாம் முடிந்திருக்கும். அந்த நேரத்தில் சங்கத்தால் செய்ய முடிவது சொற்பம். ஊரின் அமைப்பிலும் பழமையிலும் அக்கறையுள்ள சங்கம் எதுவானாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பட்டியல் போடுங்கள்.

பட்டியலால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் சென்னை அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1897இல் எழுந்த அந்தக் கட்டடத்தை 2006இல் எல்.ஐ.சி. இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வழக்குப் போட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றதோடு, நீதிபதி பத்மநாபன் குழு அறிக்கையில் இருந்த 467 இடங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றது. இதில் வேடிக்கை, அந்தக் குழு பழைய கட்டடங்களுக்காகப் போடப்பட்டதே அல்ல; சென்னையின் விளம்பரப் பலகைகள் பற்றி ஆராயப் போட்டது. பலகை மறைக்கக் கூடாத இடங்கள் என்று எழுதிவைத்தது, கடைசியில் நகரத்தின் பாரம்பரியப் பட்டியலாகவே நின்றுவிட்டது. வேறொரு காரியத்துக்குப் போட்ட பட்டியலுக்கே அவ்வளவு பலம்.

உங்கள் பட்டியலில் ‘மிகப் பழமையான, அழகான வீடு’ என்று எழுதினால் எந்த அதிகாரியும் அதைப் புரட்டமாட்டார். வார்டு, பிளாக், நகரளவை எண் முதலில் வேண்டும். அப்புறம் தெருப் பெயர், கட்டிய காலம் (உறுதியாகத் தெரிந்தால் மட்டும்), இப்போதைய பயன்பாடு. பிறகு கண்ணால் பார்த்தது: திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெர்ரஸ் கூரையா நாட்டு ஓடா, சுண்ணாம்புப் பூச்சா, எங்கே விரிசல். நான்கு பக்கமும் படம். வீட்டுக்குள் போக உரிமையாளரின் அனுமதி கட்டாயம்.

கட்டடத்தோடு நின்றுவிடவும் கூடாது. குளத்தைக் குறித்துக்கொள்பவர்கள் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை விட்டுவிடுகிறார்கள். வாய்க்கால் போன பிறகு குளத்தில் கைப்பிடிச் சுவர் மட்டும்தான் மிஞ்சும். தேர் ஓடும் வீதியின் அகலத்தை இன்றே அளந்து எழுதுங்கள். சந்தைத் திடல், தெருமுனை மரம், பழைய சத்திரம் எல்லாம் இதில் சேரும்.

அடுத்தது, ஊரின் நில உபயோகத்தை வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை அரசிதழிலும் நாளிதழிலும் அறிவித்து, ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். உங்கள் குரலுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு இது. விளம்பரம் பொடி எழுத்தில் வரும். நாளிதழைத் தினமும் புரட்ட ஓர் உறுப்பினரைப் பொறுப்பாக்குங்கள். நில உபயோக மாற்றத்துக்கான அறிவிப்புகளையும் அவரே பார்க்கட்டும். குளக்கரை நிலம் வணிகப் பகுதியாவது பெரும்பாலும் இப்படி ஓசையில்லாமல்தான். ஆட்சேபணையில் ஒரு பத்தி உணர்ச்சி போதும். மீதி எல்லாம் நகரளவை எண்ணும் மாற்றுக் கோரிக்கையுமாக இருக்கட்டும். ‘இந்த வீதியில் உயரம் இவ்வளவுக்கு மேல் வேண்டாம்’ என்று திட்டவட்டமாகக் கேளுங்கள். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு உண்டு. அதை மீறிய கட்டடங்களும் உண்டு என்பது வேறு விஷயம். விதி இருப்பதால்தான் வழக்காவது போட முடிகிறது.

ஊரில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலோ கோட்டையோ இருந்தால் வரைபடத்தில் அதைச் சுற்றி இரண்டு வளையம் வரையுங்கள். முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றே கட்ட வேண்டிய பகுதி. தொல்லியல் சின்னங்களுக்கான சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இது. வளையத்துக்குள் குடியிருப்பவர்களுக்கே பல நேரம் இது தெரியாது. மராமத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சங்கம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் சங்கத்தின் மேல் உள்ள விரோதம் பாதி குறையும்.

அந்த விரோதம் சின்ன விஷயமல்ல. ஐந்து பங்காளிகள், ஒரு வீடு, ஓடு மாற்றப் பணமில்லை என்ற நிலையில் இருப்பவரிடம் போய் ‘உங்கள் வீடு ஊரின் சொத்து’ என்றால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரின் போன் நம்பரோடு போங்கள். கவனிக்காமல் விட்டால் கடப்பாரையே வேண்டாம். புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் தானாகவே சரிந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். பழைய சுவர் திரும்பவில்லை.

எல்லாவற்றையும் எதிர்க்காதீர்கள். புது பஸ் ஸ்டாண்டுக்கும் ஆட்சேபணை, அடுக்குமாடிக்கும் ஆட்சேபணை என்றால் உங்கள் கடிதத்தைப் பிரிக்காமலே கோப்பில் வைத்துவிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று விஷயம் போதும்.

பட்டியல் முடிந்ததும் ஆணையர், கலெக்டர், நகர் ஊரமைப்பு அலுவலகம் மூவருக்கும் ஒவ்வொரு பிரதி. தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதியை ஊர் நூலகத்தில் வையுங்கள். சங்கத்தில் தலைவர் மாறும்போது அலமாரிச் சாவி காணாமல் போவது வழக்கம்.