ஜெர்மனியில் முதல் வாரங்கள்: திருமயம் மாணவர்களுக்கு

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகும் மாணவர் அங்கே இறங்கியதும் முடிக்க வேண்டிய வேலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. தங்க இடம் இருந்தால்தான் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய முடியும். பதிவுச் சான்று இருந்தால்தான் பல வங்கிகள் கணக்குத் திறக்கும். அந்தக் கணக்கு வந்த பிறகே, ஊரிலிருந்து கட்டிவிட்டு வந்த ‘பிளாக்டு அக்கவுண்ட்’ பணம் மாதாமாதம் கைக்கு வரும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதக் கணக்கில் 992 யூரோ. நகையை அடகு வைத்தோ வீட்டுப் பத்திரத்தைக் காட்டிக் கல்விக்கடன் வாங்கியோ இதைக் கட்டிய குடும்பம், பிள்ளைக்குச் செலவுக்குப் பணம் அங்கே காத்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும். பணம் இருப்பது உண்மைதான். ஆனால் முதல் சில வாரங்களுக்கு அதைத் தொட வழியில்லை. ஆகவே வாடகை, வீட்டு முன்பணம், சாப்பாடு ஆகியவற்றுக்கான பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக எடுத்துப் போக வேண்டும். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். வீட்டைக் காட்டாமல், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவருக்கு ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது.

திருமயத்துக்குப் பக்கத்து விமான நிலையம் திருச்சி. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாகவோ சென்னை வழியாகவோ போகலாம். டிக்கெட் போடும்போது விலையோடு கிழமையையும் பார்ப்பது நல்லது. சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தால் ஞாயிறு முழுக்கக் கடைகள் பூட்டியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் உள்ள கடைகள்தான் அன்றைக்குக் கைகொடுக்கும். குளிர்காலப் பருவம் தொடங்கும் அக்டோபரில் 3ஆம் தேதி தேசிய விடுமுறை. அன்றும் இதே கதைதான். வாரத்தின் நடுவில் காலையில் இறங்கினால் விடுதிப் பொறுப்பாளர் இருப்பார், சாவி கையோடு கிடைக்கும்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிந்துவிட வேண்டும். இந்தப் பதிவை அங்கே அன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட்டோடு, வீட்டுக்காரரோ விடுதியோ கையெழுத்திட்டுத் தரும் குடியிருப்புச் சான்றும் தேவை. பெரிய நகரங்களில் இதற்கான நேரம் எளிதில் கிடைக்காது. முகவரி உறுதியானதும் ஊரிலிருந்தே இணையத்தில் பதிவுசெய்து வைப்பது புத்திசாலித்தனம்.

பெயர் விஷயத்தில் தமிழ் மாணவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரில் இனிஷியலாக இருந்த அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்து சர்நேம் ஆகிவிடுகிறது. வங்கியும் பல்கலைக்கழகமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மாணவரைக் கூப்பிடும். கூப்பிடுவது நாளடைவில் பழகிவிடும், தபால் விஷயம் அப்படியில்லை. ஏடிஎம் கார்டு ஓர் உறையிலும் அதன் ரகசிய எண் இன்னோர் உறையிலும் வரும். காப்பீட்டு அட்டையும், பகுதிநேர வேலைக்குத் தேவையான வரி எண்ணும் தபாலில்தான் வரும். அடுக்குமாடி முகவரிகளில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தே கடிதத்தைப் போடுவார். சாவி வாங்கிய அன்றே, அப்பா பெயரையும் சேர்த்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதிப் பெட்டியிலும் அழைப்புமணியிலும் ஒட்டிவிட வேண்டும். சொந்தப் பெயரை மட்டும் ஒட்டினால் வங்கிக் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகலாம். சர்நேம் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டை, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்வது நல்லது. பிறகு திருத்தினால் சேர்க்கைக் கடிதத்தில் ஒரு பெயர், விசாவில் இன்னொரு பெயர் என்று ஆகிவிடும்.

பெட்டி கட்டும்போது அம்மாக்கள் முதலில் எடுத்து வைப்பது நெய். பால் பொருளும் இறைச்சியும் வெளிநாட்டிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. நெய், பால்கோவா, மோர்மிளகாய், ஆட்டு உப்புக்கண்டம் எல்லாம் சுங்கத்தில் குப்பைத்தொட்டிக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். எண்ணெயில் பொரித்த முறுக்குக்கும் அரைத்த பொடிகளுக்கும் தடையில்லை. மற்றதை அங்கேயே வாங்கலாம். 1980களிலிருந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் பல நகரங்களில் கடை வைத்திருக்கிறார்கள். அரிசியும் முருங்கைக்காயும் அங்கே கிடைக்கும்.

காகித வேலையை விட வீட்டுப் பழக்கங்கள்தான் ஆளைத் திணறடிக்கும். கணிதமேதை ராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் அவரோடு பழகிய பி. சி. மகலனோபிஸ் பிற்காலத்தில் ஒரு செய்தியை நினைவுகூர்ந்தார்: ராமானுஜன் இரவில் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டும் சால்வையுமாகப் படுத்திருக்கிறார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஓரங்களை மெத்தைக்கடியில் செருகி மேலே விரிப்புப் போட்டிருந்ததால், அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ்தான் விரிப்பை விலக்கிக் காட்டிக்கொடுத்தார். யாராவது காட்டினால் ஒழியத் தெரிந்துகொள்ள முடியாத காரியங்கள் இன்றைக்கும் உண்டு. ஹீட்டர் குமிழில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. 5இல் வைத்தால் அறை வேகமாகச் சூடேறும் என்பது தப்புக்கணக்கு. பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு, கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. கடுகு தாளிக்கும்போது சன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் புகை எச்சரிக்கை மணி அலறும், விடுதியே படியிறங்கி வாசலில் நிற்கும். இதையெல்லாம் ஓராண்டு முன்னால் வந்த அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டுக்கொள்ள வெட்கப்படத் தேவையே இல்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். இந்தியாவோடு மூன்றரை மணி நேரமாக இருந்த இடைவெளி நாலரை ஆகும். திருமயத்தில் இரவு 9 மணிக்குப் போனுக்காக உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே அப்போது மாலை நாலரை. டிசம்பரில் அந்நேரத்துக்கே பொழுது சாய்ந்துவிடும்.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதை முதல் மாதத்திலேயே துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பாடத்தில் சேர்ந்தாலே தேர்வெழுதலாம் என்று எண்ணியிருந்தால் பருவம் வீணாகலாம். கடைசியாக, தங்கல் அனுமதி. கையிலிருக்கும் நுழைவு விசா பெரும்பாலும் சில மாதங்களுக்கே செல்லும். வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கப் பல வாரங்கள் ஆகும் என்பதால், முகவரிப் பதிவு முடிந்த உடனே விண்ணப்பிக்க வேண்டும். விசா காலாவதியாகும் முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்க வேண்டும்.