ஒரு கன சென்டிமீட்டர் எஞ்சின்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எஞ்சின் என்றவுடன் லாரியும் பஸ்ஸும் கழனிக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்செட்டும்தான் நம் நினைவுக்கு வரும். உள்ளங்கையில் அடங்கிவிடும் எஞ்சினும் உண்டு. அதுவும் எண்ணெய் குடித்து, புகை கக்கி, உறுமிக்கொண்டு ஓடும். அதைத் தாமே வரைந்து, தாமே கடைந்து, ஓட்டிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகெங்கும் உள்ளனர். அக்கலையைப் பற்றியும், அதில் நான் பட்ட பாட்டையும், அதனால் கற்ற பாடத்தையும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொழுதுபோக்கின் வரலாறு

1898ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் எஞ்சினியர்' என்ற இதழைத் தொடங்கினார். வீட்டுக் கொட்டகையில் சிறு லேத் வைத்திருந்த தொழிலாளரும் குமாஸ்தாக்களும் அதன் வாசகர்கள். எட்கர் வெஸ்ட்பரி அவ்விதழில் பல சிறு பெட்ரோல் எஞ்சின்களின் வரைபடங்களையும் செய்முறைகளையும் எழுதினார். சுவிட்சர்லாந்தில் உருவான சிறு டீசல் எஞ்சின் 1940களில் ஐரோப்பா முழுவதும் பரவியது. 1947இல் அமெரிக்காவின் ரே ஆர்டன், பிளாட்டினக் கம்பி கனன்றுகொண்டே இருந்து தீமூட்டும் 'குளோ பிளக்'கை வெளியிட்டார்.

நம் நாட்டில் கொல்கத்தாவில் 'அரோரா' என்ற பெயரில் சிறு டீசல் எஞ்சின்கள் தயாராயின. என்.சி.சி. விமானப் பிரிவினருக்கு மாதிரி விமானம் பறக்கவிடுவது இன்றும் ஒரு பயிற்சி. இப்போது மின்கலத்தில் ஓடும் மோட்டார்களே மாதிரி விமானங்களில் மிகுதி என்றாலும், எஞ்சினைத் தம் கையால் செய்வோரின் ஆர்வம் குறையவில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஆர்வத்துக்கு முன்னோடி யார் என்று கேட்டால், கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடுவைத்தான் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டி அதன் இயக்கத்தைக் கற்றார். அவரே 1920இல் பஸ் ஓட்டினார். 1937இல் மின்மோட்டார் உற்பத்தியிலும் முன்னின்றார். பிரித்துப் பார்ப்பதும் ஒரு கல்விதான் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

சுருக்கினால் போதுமா?

என் தந்தை பம்ப்செட் மெக்கானிக். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் பழைய 5 குதிரைத்திறன் கிர்லோஸ்கர் ஏ.வி.1 டீசல் எஞ்சின் ஒன்று கிடக்கிறது. சிலிண்டரின் விட்டம் 80 மி.மீ.; பிஸ்டனின் வீச்சு 110 மி.மீ.; கொள்ளளவு 553 க.செ.மீ. எல்லா அளவையும் எட்டால் வகுத்துவிட்டால் 10 மி.மீ. விட்டமும் சுமார் 14 மி.மீ. வீச்சும் கொண்ட சிறு எஞ்சின் கிடைத்துவிடும் என்றுதான் முதலில் எண்ணினேன்.

வரைபடத்தை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். "நீளத்தை எட்டால் வகுத்தாய், பரப்பும் பருமனும் எத்தனையால் வகுபடும்?" என்று கேட்டார். பரப்பு 64இல் ஒரு பங்கு. பருமன் 512இல் ஒரு பங்கு. இந்த வேறுபாட்டிலிருந்துதான் மூன்று தடைகளும் எழுகின்றன.

முதலாவது, எரிபொருள். பெரிய எஞ்சின் முழுச்சுமையில் ஒவ்வொரு வெடிப்புக்கும் சுமார் 20 மில்லிகிராம் டீசல், அதாவது ஏறத்தாழ அரைத்துளி குடிக்கிறது. அதில் 512இல் ஒரு பங்கை அளந்து பீய்ச்சும் பம்பை யாரால் கடைய முடியும்? ஆகவே சிறு டீசலில் எரிபொருள் பம்பே கிடையாது. காற்றும் எரிபொருளும் முன்பே கலந்து உள்ளே செல்கின்றன.

இரண்டாவது, கசிவு. பெரிய பிஸ்டனில் வளையங்கள் காற்றை அடைத்து நிற்கின்றன. 10 மி.மீ. பிஸ்டனுக்கு அவற்றைச் சுருக்கினால் நூல் போல் ஆகி ஒடிந்துவிடும். எனவே வளையமின்றி, பிஸ்டனையே சிலிண்டருக்குச் சில மைக்ரான் இடைவெளியில் பொருத்த வேண்டும். இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும்.

மூன்றாவது, வெப்பம். டீசல் எஞ்சினில் பிளக் இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் சூடே தீ மூட்டுகிறது. 30 டிகிரி காற்றை 16இல் ஒரு பங்காக அமுக்கினால், வெப்பமாறாச் செயல்முறைச் சூத்திரப்படி வெப்பநிலை சுமார் 645 டிகிரி செல்சியசுக்கு ஏறும். ஆனால் வெப்பம் வெளியேறவில்லை என்றால்தான் இக்கணக்கு பொருந்தும். சிறு எஞ்சினில் அடைபட்ட காற்றின் பருமனோடு ஒப்பிட, அதைச் சூழ்ந்த குளிர்ந்த உலோகப் பரப்பு எட்டு மடங்கு அதிகம். சூடு பிறந்தவுடன் சுவர் அதை உறிஞ்சிவிடுகிறது.

மூன்று பொருள் கலவை

இத்தடைகளுக்கு முன்னோர் கண்ட விடை எளிமையானது. ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறையச் சம அளவில் கலப்பார்கள். ஈதர் 160 முதல் 180 டிகிரிக்குள் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே குறைந்த சூடே போதும். மண்ணெண்ணெய் ஆற்றல் தருகிறது. நம் பாட்டிமார் குழந்தைகளுக்குப் புகட்டிய ஆமணக்கெண்ணெய், கடுஞ்சூட்டிலும் பிஸ்டனை வழுக்கலாக வைத்திருக்கிறது. அது மண்ணெண்ணெயில் எளிதில் கரையாது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைப்பதும் ஈதரே.

சிலிண்டரின் தலைப்பகுதியில் எதிர்ப்பிஸ்டன் என்று ஒன்று இறுக்கமாக இருக்கும். மேலிருக்கும் திருகைத் திருகி அதை இறக்கினால் அமுக்கம் கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. வால்வுகளும் இல்லை, இரட்டை வீச்சு முறையில் பிஸ்டனே துளைகளை மூடித் திறக்கிறது.

கட்டிய கதை

தெரிந்தவர் ஒருவரின் லேத் பட்டறையில், அவர் வேலை முடித்த பிறகு ஐந்து மாதம் உழைத்தேன். சிலிண்டர் எஃகுத் தண்டில் கடைந்தது. பிஸ்டன், உடைந்த பம்ப்செட் லைனரின் வார்ப்பிரும்பிலிருந்து வந்தது. கிராங்க் அறைக்குப் பழைய அலுமினியப் பிஸ்டன்களை உருக்கி வார்த்தோம்.

கடைவதைவிடக் கடினம் லேப்பிங். பித்தளைக் குச்சியில் நுண்ணிய தேய்ப்புப் பசையைத் தடவி, சிலிண்டரின் உட்புறத்தை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். பிஸ்டனை நுழைத்துப் பார்க்க வேண்டும். மீண்டும் தேய்க்க வேண்டும். ஒரு நொடி அவசரப்பட்டால் பிஸ்டன் தளர்ந்துவிடும். மூன்று பிஸ்டன்களைக் குப்பையில் போட்டேன். நான்காவதை இழுத்தபோது 'பொட்' என்று சத்தம் கேட்டது. பட்டறைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

தந்தைக்கு இது பிடிக்கவில்லை. "படிக்கப் போன பிள்ளைக்கு கிரீஸ் எதுக்குப்பா?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான். தம் கைகளில் ஏறிய கறை என் கைகளிலும் ஏறக்கூடாது என்பது அவர் கவலை. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் முயற்சியில் எரிபொருளை அளவுக்கு மீறி ஊற்றிச் சுழற்றினேன். திரவம் அமுங்காது என்று ஏழாம் வகுப்பிலேயே படித்தவன், இணைப்புத் தண்டு வளைந்த பிறகே அதை நம்பினேன். புதுத் தண்டு செய்ய இரண்டு வாரம் ஆயிற்று.

மார்கழி மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை, வேதியியல் பேராசிரியரின் மேற்பார்வையில், கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் மீண்டும் முயன்றேன். தந்தையையும் அழைத்திருந்தேன். என்னைச் சேர்க்க வந்த நாளுக்குப் பிறகு அவர் கல்லூரிக்குள் வந்தது அன்றுதான். சக்கரத்தைக் கையால் பிடித்துச் சுற்றினேன். திருகை இறக்கினேன், ஏற்றினேன். அரைமணி நேரமாகியும் ஒரு வெடிப்பும் இல்லை.

ஓரமாக நின்ற தந்தை அருகில் வந்தார். "மெல்ல சுத்துனா சூடு ஓடிப்போயிரும்பா. சூடு ஓடறதுக்குள்ள சுத்தணும்" என்றார்.

சக்கரத்தின் பள்ளத்தில் சணல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பிஸ்டனைச் சற்றுத் தளர்த்தி, ஒரே வெட்டாக இழுத்தார். இரண்டாம் முறை 'டப்' என்றது. திருகைச் சிறிது இறக்கி மூன்றாம் முறை இழுத்தபோது எஞ்சின் உயிர் பெற்று வீரிட்டது. கலவை தீரும் வரை பதினோரு வினாடி ஓடி நின்றது.

கற்ற பாடம்

வெப்பமாறாச் செயல்முறை மிக விரைவாக நிகழ வேண்டும் என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஏன் விரைவாக என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். பம்ப்செட்டின் லீவரைத் தூக்கிப் பிடித்து, கைப்பிடியை வேகமாகச் சுழற்றி, வேகம் வந்த பிறகே லீவரை விடும் என் தந்தை, அச்சொல்லை அறியாமலே முப்பது ஆண்டுகளாக அதைச் செய்து வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கணக்கிட்டேன். பெரிய எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும்போது பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 5.5 மீட்டர். சிறு எஞ்சின் அதே பிஸ்டன் வேகத்தை எட்ட 12,000 சுற்றுச் சுற்ற வேண்டும். அளவு எட்டில் ஒரு பங்கானால் சுழற்சி எட்டு மடங்காகிறது. சூடு தப்பிச்செல்லக் கிடைக்கும் நேரமும் எட்டில் ஒரு பங்காகிறது. பரப்பால் இழந்ததில் ஒரு பகுதியை வேகத்தால் மீட்கிறோம். காகிதத்தில் எழுதி இதைத் தந்தைக்கு விளக்கினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாம் கணக்கு இருக்குதா?" என்றார். மறுநாள் மரத்தடி எஞ்சினின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈதர் 35 டிகிரியிலேயே கொதிப்பது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் புட்டியைத் திறப்பதே ஆபத்து. அதன் ஆவி தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிப் பிடிக்கும். நாட்பட்ட ஈதரில் வெடிக்கும் பெராக்சைடுகள் உண்டாகும். ஆசிரியர் உடனில்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. ஓடும் எஞ்சினுக்கு அருகில் விரலும் தளர்ந்த உடையும் போகக்கூடாது.

சிறு எஞ்சின் என்பது பெரிய எஞ்சினின் குட்டி அன்று. இயற்கையின் அதே விதிகள் அதற்கு வேறு உருவம் தருகின்றன. அதைக் கட்டுவதற்குப் புத்தகம் வேண்டும், கையும் வேண்டும். நம்மில் பலருடைய வீட்டில் கலப்பை பிடித்த கை, தறி நெய்த கை, ஸ்பானர் பிடித்த கை இருக்கிறது. வகுப்பில் ஒரு விதியைப் படிக்கும்போது, அது நம் வீட்டில் எங்கே வேலை செய்கிறது என்று அந்தக் கைகளைக் கேட்டுப் பாருங்கள். பாதி விடை அங்கே காத்திருக்கும்.