தலயாத்திரையும் திசைவிரதமும்

சிராவகர்க்குரிய பன்னிரண்டு விரதங்களுள் திசைவிரதம் என்பது ஒன்று. கிழக்கே இந்த ஆறு, மேற்கே இந்த மலை என எல்லை வகுத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அதனைக் கடவாதிருத்தல் அதன் இலக்கணம். அவ்வெல்லையையும் நாள், திங்கள் எனக் காலவரையறை செய்து சுருக்கிக்கொள்வது தேசவிரதம். பயனின்றிப் பிறவுயிர்க்குத் துன்பம் விளைக்கும் செயல்களை விலக்குவது அனர்த்ததண்ட விரதம். இவற்றை இளமையில் மனப்பாடம் செய்தோம். பயணத்திற்கு ஏன் எல்லை வேண்டும் என்று எண்ணிப் பார்த்தோமா? நாம் செல்லும் இடமெல்லாம் நம் நடையாலும் நுகர்ச்சியாலும் உயிர்கட்கு ஊறு நேர்கிறது. செல்லாத இடத்தில் அவ்வூறு இல்லை. துறவியர் மழைக்கால நான்கு திங்களும் ஓரிடத்தில் தங்குவதும் இக்கருத்துப் பற்றியே.

இதனை ஒரு சான்றால் விளங்கிக்கொள்வோம். இருபது தீர்த்தங்கரர் வீடுபேறு எய்திய சம்மேதசிகரம், ஜார்க்கண்ட் மாநிலத்தின் கிரிதி மாவட்டத்தில் பாரசநாத மலையாக நிற்கின்றது. அஃது அம்மாநிலத்தின் மிக உயர்ந்த மலை; வனவிலங்குகளின் காப்பிடமுமாகும். 2019 ஆகஸ்டில் மத்திய அரசு அதனைச் சூழ்ந்த பகுதியைச் சூழலியல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தது. அவ்வறிவிக்கையில் சூழல் சுற்றுலாவிற்கும் இடம் இருந்தது. தவபூமி கேளிக்கைத் தலமாகிவிடுமோ என்று சமணர் நாடெங்கும் கவன்றனர். 2023 ஜனவரி 5 அன்று மத்திய அரசு சுற்றுலா தொடர்பான பிரிவுகளை நிறுத்தி வைத்தது. மலையில் மது, புலால், பேரிரைச்சலிசை, கூடாரமிட்டுத் தங்குதல் ஆகியவற்றைத் தடுக்குமாறு மாநில அரசைப் பணித்தது. கண்காணிப்புக் குழுவில் சமணர் இருவரும் அவ்வூர்ப் பழங்குடியினர் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்றும் கூறிற்று.

பழங்குடியினர்க்கு ஏன் இடம் என்று சிலர் வினவலாம். சந்தால் மக்கள் அம்மலையை மராங் புரு என்று பெயரிட்டுத் தம் தெய்வமாக வழிபடுகின்றனர். நமக்குப் புனிதமானது அவர்க்கும் புனிதமே. ஒரு பொருளைப் பல நோக்கில் காணும் அநேகாந்தத்தைக் கற்ற நாம் இதனை மறத்தல் தகாது.

இனி நம்மை நாமே நோக்குவோம். சுற்றுலாவினர் வேண்டா என்று உரைத்த நாம், சுற்றுலாவினராய்ச் செல்கின்றோமா? மதுவனத்திலிருந்து ஏறி, வலம் வந்து, இறங்குதற்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடத்தல் வேண்டும். அவ்வழியில் நீர்ப்புட்டிகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் எறிவோர் நம்முள் இல்லையா? நடக்க வலியிருந்தும் டோலியில் ஏறி, சுமப்பவரிடம் கூலிக்குப் பேரம் பேசுவோர் இல்லையா? அவர் தோள் நோவும் நோவன்றோ? நம் ஊர்ப்புறக் குன்றுகளின் கற்படுக்கைகளில் பெயர் கீறிச் செல்வோரைக் கண்டு வருந்துகின்றோம். பிறர் மலையில் நாம் விட்டு வருவது யாது?

முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் டோலி தேவையே; அதனைக் குறை கூறுகின்றோமல்லோம். இயன்ற அளவு நடப்போம்; இயலாதபோது கேட்ட கூலியை மனமுவந்து கொடுப்போம். கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டு வருவோம். விடியுமுன் ஏறுவோர் விளக்கொளியில் தரை நோக்கி அடியிடுவோம். ஓராண்டில் பல ஊர் ஓடிக் காண்பதினும், ஒரு தலத்தில் சில நாள் தங்கி வழிபடுவது நன்று. புறப்படுமுன், இத்திசையில் இவ்வளவே செல்வோம், இப்பொருள்களையே நுகர்வோம் என்று குடும்பத்தார் கூடி உறுதி கொண்டால், அந்த யாத்திரையே விரதமாகும்.

இல்லத்தில் சிறுவரொடு ஆராய்தற்கு வினாக்கள்:

1. திசைவிரதத்திற்கும் தேசவிரதத்திற்கும் வேறுபாடு யாது?
2. சம்மேதசிகரத்தை நம்மோடு போற்றுவோர் யாவர்? அவர்பால் நம் கடமை என்ன?
3. சென்ற யாத்திரையில் நாம் தவிர்த்திருக்கக்கூடிய ஊறு எது?

மூன்றாம் வினாவிற்குப் பெரியோர் முதலில் விடை கூறுக.