டிஜிட்டல் கேமராவில் வீடியோ பாதியில் நிற்பது ஏன்?

என் தங்கை மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை என்னுடைய டிஜிட்டல் கேமராவில் பதிவு செய்தேன். வர்ணம் தொடங்கியதும் டிரைபாடில் இருந்த கேமராவின் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் வர்ணத்தின் கடைசிப் பகுதியைக் காணோம்! மெமரி கார்டில் இடம் இருந்தது. பேட்டரியில் சார்ஜும் இருந்தது. பைல் மீது ரைட் கிளிக் செய்து, புராபர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் டேப்பைத் திறந்தேன். நீளம் 29 நிமிடம் 59 விநாடி. காரணம் புரிந்துவிட்டது.

நேர வரம்பு: 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கேமராவை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாக வகைப்படுத்தி வரி விதித்து வந்தது. அதைத் தவிர்க்கவே பல நிறுவனங்கள் ஒரு விநாடி முன்னதாகப் பதிவு நிற்கும்படி அமைத்தன. புதிய மாடல்கள் பலவற்றில் இந்த வரம்பு இல்லை. பழைய கேமரா வைத்திருப்பவர்களும் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும்.

பைல் வரம்பு: 4 முதல் 32 ஜிபி வரையிலான எஸ்.டி.எச்.சி. கார்டுகள் பேட்32 முறையில் பார்மட் செய்யப்படுகின்றன. இதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. தாண்டும் நிலை வந்தால் சில கேமராக்கள் அடுத்த பைலைத் தாமாகவே தொடங்கும், சில நின்றுவிடும். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டுகளில் எக்ஸ்பேட் முறை உள்ளதால், கார்டு அளவில் இந்தத் தடை இல்லை. ஆனால் உங்கள் கேமரா அந்த வகைக் கார்டை ஏற்குமா என்று மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? மேனுவலில் உள்ள பிட் ரேட்டை 8ஆல் வகுத்து 60ஆல் பெருக்குங்கள். 24 எம்பிபிஎஸ் என்றால் நிமிடத்திற்கு 180 எம்பி. அதாவது 4 ஜிபி சுமார் 23 நிமிடத்தில் நிரம்பிவிடும்.

என்ன செய்யலாம்?

* முக்கியமான காட்சிகளை வேறு இடத்தில் காப்பி செய்துகொண்ட பிறகு, கார்டைக் கேமராவிலேயே பார்மட் செய்திடுங்கள்.
* முதல் நாள் வீட்டில் ஒரு சுவரை நோக்கிக் கேமராவை ஓடவிட்டு, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கேமரா சூடாகிறதா என்பதும் தெரிந்துவிடும்.
* நிகழ்ச்சியில் ஒவ்வொரு உருப்படி முடிந்து கைதட்டும்போதும் பதிவை நிறுத்தி, மீண்டும் தொடங்குங்கள். ஓர் உருப்படியே நீண்டதாக இருந்தால், வரம்பிற்கு முன்பே ஓர் இடைவெளி பார்த்து நீங்களே நிறுத்தித் தொடங்குங்கள். ஓரிரு விநாடிதான் போகும். துண்டுகளைப் பிறகு வீடியோ எடிட்டரில் இணைத்துக் கொள்ளலாம்.

இணைத்த பைல் 4 ஜிபியைத் தாண்டினால், பேட்32 பென் டிரைவ் அதை ஏற்காது. எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்த டிரைவைப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கேமராவின் அருகிலேயே இருங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.